ஐப்பசி மழையில் காலிங்கராயன் கரையோடு பவானி – கொடுமுடி நடை: போகலாமா, வேண்டாமா?

கரைநடை
இந்த ஐப்பசியில் காலிங்கராயன் வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டு முழுசாக நடந்துவிடலாம் என்று ஒரு திட்டம். பவானியில் அணைக்கட்டில் ஆரம்பம். ஈரோட்டுக்குள் புகுந்து, பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி தாண்டி, ஆவுடையார்பாறையில் வாய்க்கால் நொய்யலில் விழுகிற இடம் வரைக்கும். வாய்க்கால் நீளம் 56 மைல் சொச்சம், 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் போனால் இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். நிலத்தின் சரிவைப் பார்த்து வளைத்து வளைத்து வெட்டியிருப்பதால் இந்த நீளம். 1283-ல் வெட்டி முடித்த வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் ஓடி 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது என்றால், அதை ஒருதரமாவது கால்நடையாகப் பார்க்க வேண்டாமா?

தை மாசம் போனால் சுகமாக நடக்கலாம், தெரியும். ஆனால் வாய்க்கால் நிறையத் தண்ணீரும், இரண்டு பக்கமும் நெல்லும் மஞ்சளும் வாழையும் தளதளவென்று நிற்கிற காலமும் இதுதான். கூட வருகிறவர்களுக்குத் தீபாவளியை ஒட்டித்தான் லீவும் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டருக்கு மேல் போவதாக இல்லை. மழையில் நடந்து பழகியவர்கள் சொல்லுங்கள். கரை தாங்குமா? காலுக்கு என்ன போடுவது? எப்போது நிறுத்திவிட வேண்டும்?

மஞ்சமண்டி
ஏனுங்க, மழை இல்லாத மாசம் இத்தனை இருக்கையில ஐப்பசியைத்தான் பிடிக்கணுமா? 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள். ஆனி, ஆடி மழையை மேற்கே மலை மறைத்துக்கொள்கிறது. ஈரோடு, திருப்பூர், காங்கயம், தாராபுரம் பக்கமெல்லாம் வருஷத்து மழையில் பெரும்பங்கு இந்த இரண்டு மாசத்தில்தான் இறங்குகிறது. வானம் பார்த்து வெள்ளாமை வைக்கிறவனே இப்போது வெளியே தலைகாட்ட யோசிக்கிறான். நீங்கள் வேலைமெனக்கெட்டு நனையப் போகிறீர்கள்.

கொடுமுடியிலிருந்து பழனிக்குத் தீர்த்தம் எடுத்து நடக்கிறவர்கள்கூட பங்குனியில்தான் கிளம்புகிறார்கள். பெரியவர்கள் யோசித்துத்தான் காலம் வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

லஸ்கர்_ஓய்வு
வாய்க்கால் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்கிற லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும், கரையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கரை என்பதை முடிவு செய்யுங்கள். பவானியிலிருந்து தண்ணீர் போகிற திசையில் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் காவிரி, வலது கைப்பக்கம் மேட்டாங்காடு. பாசனம் பெரும்பாலும் இடது பக்கம், காவிரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிற வயல்களுக்கு. அதனால் இடது கரைதான் மண் கொட்டி உயர்த்திய கரை. வலது பக்கம் இயல்பான மேடு. மேட்டாங்காட்டு மழைத்தண்ணீர் முழுவதும் காவிரிக்குப் போக வாய்க்காலைக் குறுக்கே கடந்தாக வேண்டும். சில இடத்தில் வாய்க்காலுக்கு அடியில் போகும், சில இடத்தில் மேலே போகும், சில இடத்தில் நேராக வாய்க்காலுக்குள்ளேயே இறங்கும். இந்த ஓடைகளைத்தான் நாங்கள் பள்ளம் என்போம். ஆகவே வலது கரையில் போனால் மழை நாளில் பள்ளத்துக்குப் பள்ளம் நிற்க வேண்டியிருக்கும். இடது கரையில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் உடைப்பு என்று ஒன்று வந்தால் இடது கரையில்தான் வரும்.

பயப்படச் சொல்லவில்லை. பார்த்து நடக்கச் சொல்கிறேன். மழை நாளில் கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கசிவது சகஜம். நண்டு வளை, எலி வளை வழியாக வரும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கரை இன்னும் மண்ணை விடவில்லை என்று அர்த்தம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். மேடான பக்கமாக விலகிப் போய், பக்கத்தில் யாராவது பண்ணையம் பார்க்கிறவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு மதகுக்காரர் யார், நீர்வளத்துறை ஆபீஸ் எங்கே என்பதெல்லாம் தெரியும். அதேபோல் கரை ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. புல் மூடி நன்றாகத்தான் தெரியும், அடியில் தண்ணீர் அறுத்து வெற்றிடமாக இருக்கும். நடுக்கரையில் நடங்கள், ஓரத்தில் வேண்டாம்.

இன்னொன்று. வாய்க்காலுக்குள் குளிக்க இறங்காதீர்கள். படித்துறை பாசி பிடித்திருக்கும், நிறை தண்ணீரில் இழுவை மேலே தெரியாது.

கரைநடை
ரொம்ப நன்றிங்க ஐயா. இடது கரை என்று குறித்துக்கொண்டேன். தரைப்பாலங்களைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

லஸ்கர்_ஓய்வு
தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் நிற்க வேண்டியதுதான். அதில் வாதமே இல்லை. அரையடி ஆழத்தில் வேகமாக ஓடுகிற தண்ணீர் வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், ஒரு அடி ஓடினால் காரையே நகர்த்தும். 'முட்டிக்குக் கீழேதானே' என்று இறங்குகிறவர்கள், அடியில் பாலம் இருக்கிறதா போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? செந்நிறத் தண்ணீரில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது.

நம்ம பக்கத்துப் பள்ளங்களின் குணம் வேறு. வருஷம் பூராவும் காய்ந்து கிடக்கும். மேலே எங்கோ இரண்டு மணி நேரம் கொட்டினால் இங்கே வெயிலடிக்கும்போதே பொங்கி வரும். வந்த வேகத்திலேயே வடிந்தும் விடும். ஒரு டீ, ஒரு தூக்கம், அப்புறம் பார்த்தால் முழங்கால் தண்ணீர் கணுக்கால் ஆகியிருக்கும். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப்பள்ளம் என்று இரண்டு உண்டு. மழை வந்தால் ஊரே துண்டாகிப் போன காலம் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அவசரப்பட மாட்டார்கள், கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். 2011 நவம்பரில் திருப்பூர் ஜம்மனை ஓடையில் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் புகுந்து உயிர்கள் போனதை மறந்துவிட வேண்டாம். அதுவும் மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்க்காத ஓடைதான்.

காவிரியும் பவானியும் தனிக் கணக்கு. அங்கே வெள்ளம் வருவதற்கு ஈரோட்டில் ஒரு துளி பெய்ய வேண்டியதில்லை. மேட்டூர் 120 அடி, பவானிசாகர் 105 அடி. அணை ததும்பி நின்றால் வருகிற தண்ணீரை அப்படியே விடுவார்கள். உபரிநீர் திறப்பு என்று செய்தி வந்தால் கருங்கல்பாளையம், கொடுமுடி படித்துறைகளை விட்டு விலகியே இருங்கள்.

கொல்லிமலை_கிறுக்கன்
தரையில் என்னங்க மழை நடை! மழையைப் பார்க்கணும்னா மேலே வாங்க. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறி, ஆகாயகங்கையில் இறங்கி, மறுபடி மேலே வந்து... அடடா. மேகம் காலுக்குக் கீழே இருக்கும்.

மஞ்சமண்டி
மேகம் காலுக்குக் கீழே, மண்ணு தலைக்கு மேலே. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரை ஏறி வலுவிழந்த பிறகு ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புயல் கடற்கரைக்காரர்கள் பாடு, நமக்கு வெறும் தூறல் என்று நினைக்கிற காலம் போச்சு.

கொல்லிமலை_கிறுக்கன்
அதுக்காகப் பூராவும் வீட்டிலேயே உட்கார முடியுமா?

பாதை_பழகியவள்
வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் ஆரம்பித்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. அவர்களே கனமழை எச்சரிக்கை வந்தால் நிறுத்திவைக்கிறார்கள். மலையில் சிக்கிக்கொண்டால் விலகிப்போக வழி கிடையாது. திரும்புகிற பாதையிலும் மண் சரிந்திருக்கலாம். கரைநடை சொல்கிற வழியில் அந்தச் சிக்கல் இல்லை. ஈரோடு – கரூர் ரயில் பாதை கூடவே வருகிறது: சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி. ரோட்டில் டவுன் பஸ் ஓடுகிறது. எந்த இடத்தில் முடியவில்லையோ அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ரசஞ்சோறு சாப்பிடலாம். முதன்முதலாக அடைமழையில் நடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கொங்கு நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

பனியன்_கம்பெனி
துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. திருப்பூரில் பிழைக்கிறவன் காட்டன் வேண்டாம் என்று சொல்வது சொந்த வயிற்றில் அடித்துக்கொள்கிற மாதிரிதான், இருந்தாலும் சொல்கிறேன்: காட்டன் பனியன், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். நனைந்தால் கல்லாய்க் கனக்கும், மறுநாள் காலையிலும் பிழிய வரும், தொடையிடுக்கு உரசிப் புண்ணாகும். காதர்பேட்டை சர்ப்ளஸ் கடைகளில் பாலியஸ்டர் டிரைஃபிட் டிசர்ட், டிராக் பேன்ட் விலை மலிவாகக் கிடைக்கும். பிழிந்து ஃபேனுக்கு அடியில் போட்டால் தூங்கி எழுவதற்குள் காய்ந்துவிடும். துண்டுக்கு மட்டும் ஈரிழைத் துண்டை மிஞ்ச எதுவும் இல்லை. டர்க்கி டவலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

மழைக்கோட்டு விஷயத்தில் ஒரு உண்மை. நம்ம ஊர் மழையில் 24, 25 டிகிரி இருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் வெளியே மழை, உள்ளே வேர்வை. எப்படியும் நனையத்தான் போகிறீர்கள். மழைக்கோட்டு நனையாமல் இருப்பதற்கு அல்ல, காற்றடிக்கும்போது நடுங்காமல் இருப்பதற்கு. அப்படி நினைத்தால் விலை உயர்ந்ததை வாங்கி ஏமாற மாட்டீர்கள். தலையிலிருந்து பையையும் சேர்த்து மூடுகிற தொளதொள பாஞ்சோ போதும். காட்டில் வேலை செய்கிறவர்கள் தீவனச் சாக்கைத் தலையோடு முதுகை மூடுகிற கொங்காடையாக மடித்துப் போட்டுக்கொண்டு நாள் பூரா களை எடுப்பதைப் பாருங்கள். காற்று புகும், முதுகு நனையாது.

பைக்கு மேலே போடுகிற உறையை நம்ப வேண்டாம். முதுகோடு ஒட்டுகிற பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். பைக்கு உள்ளே தடித்த பாலித்தீன் பையைப் போட்டு, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். அதற்குள் ஒரு செட் துணி, ஒரு போர்வை. இந்தத் துணி தூங்குவதற்கு மட்டும். காலையில் எழுந்து மறுபடி ஈரத்துணியைத்தான் மாட்ட வேண்டும். ஐந்து நிமிஷம் உடம்பு கூசும், நடக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும். 'இன்னைக்கு ஒருநாள்' என்று காய்ந்த துணியைப் போட்டு நடந்தீர்கள் என்றால் அன்று ராத்திரி போட்டுக்கொள்ள எதுவும் இருக்காது.

குடைச்சாமி
குடையை விட்டுவிட்டீர்களே. காற்று இல்லாத அடைமழைக்குக் குடைதான் ராஜா.

பனியன்_கம்பெனி
கரையில் காற்று இல்லாத அடைமழை எப்போது பெய்கிறது என்று சொன்னால் நானும் வாங்கிக்கொள்கிறேன்.

மொடக்குறிச்சி_அம்மிணி
வாய்க்காலுக்குப் பக்கத்து ஊர்க்காரி நான். காலைப் பற்றிச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. எங்கள் வீட்டில் எல்லோருமே நாற்று நட்டவர்கள்.

ஷூவுக்குள் தண்ணீர் போகாது என்று விற்கிற ஷூவை வாங்காதீர்கள். மழை காலின் வழியாக மேலிருந்துதான் இறங்கும். உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் நாள் முழுக்க உங்கள் பாதம் வெந்நீரில் ஊறுகிற கதையாகும். வலை வைத்த சாதாரண ஓட்ட ஷூ நல்லது, அடிக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் வெளியே போகும். பெல்ட் வைத்த செருப்பும் சரிதான். ஆனால் கரையில் சீமைக்கருவேல முள் கிடக்கும், செருப்பின் ஓரத்தில் ஏறும். ரப்பர் செருப்பு சேற்றில் வழுக்கும், வார் அறும், வேண்டவே வேண்டாம்.

நாள் பூரா ஈரத்தில் இருந்தால் பாதம் வெளுத்துச் சுருங்கும். விரலிடுக்கில் தோல் நைந்து பிரியும். முதலில் அரிக்கும், நடக்கிற ஆர்வத்தில் கண்டுகொள்ள மாட்டோம். மறுநாள் அதே இடம் வெடித்துச் சேற்றுப்புண் ஆகிவிடும். அப்புறம் ஒரு எட்டு வைக்க உயிர் போகும். அதனால் மதியம் ஒரு மணி நேரம் கண்டிப்பாக ஷூவைக் கழற்றிக் காலைத் துடைத்துக் காற்றாட நீட்டி உட்கார வேண்டும். காலையில் கிளம்பும் முன் பாதம் முழுக்க, விரலிடுக்கு உட்பட, வாஸ்லினைத் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். ராத்திரி கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போடுவது எங்கள் வழக்கம். மருதாணி அரைத்து வைப்பவர்களும் உண்டு. மஞ்சள் விளைகிற ஊரில் நடக்கப் போகிறீர்கள், அதற்கா பஞ்சம்.

பெண்கள் யாராவது போவதாக இருந்தால் ஒன்று. நனைந்த பிறகு மாற்றுவதற்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. கரையில் கழிப்பிடம் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, பெட்ரோல் பங்க் எங்கெங்கே என்று முன்னாலேயே பார்த்து, அதை ஒட்டி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அடர் நிறத் துணி. துப்பட்டா வேண்டாம். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மழையில் தாகம் தெரியாது, ஆனாலும் உடம்பு வேர்க்கத்தான் செய்யும்.

மருந்துப்பெட்டி
அம்மிணி சொன்னதோடு கொஞ்சம். புண் இருக்கும் காலோடு தேங்கிய தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுகிற நோய் அது. நடந்துவிட்டு வந்து ஒரு மாசத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு என்று வந்தால் 'மழையில் நனைந்த சளி' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும். முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், கடையில் வாங்கி முழுங்காதீர்கள்.

ஈரோடு டவுனுக்குள் வருகிற பகுதியில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். சாய, தோல் பட்டறைக் கழிவு வாய்க்காலில் கலக்காமல் இருக்கப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். கனமழையில் எல்லாம் ஒன்றாகிவிடும். அந்தத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் உடனே கழுவிவிடுங்கள்.

பாம்பு. வளைக்குள் தண்ணீர் போனால் அதுவும் மேட்டைத் தேடித்தான் வரும், அந்த மேடு நீங்கள் நடக்கிற கரை. பகலில் தட்டித் தட்டி நடந்தால் போதும், விலகிப் போய்விடும். ராத்திரிதான் கவலை. கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிக்கும், வலி அவ்வளவாகத் தெரியாது, வீக்கமும் இருக்காது. ஆகவே மண்டபத்தில் படுத்தாலும் கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுங்கள். கடித்தால் அறுப்பது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. 108. நேராக அரசு ஆஸ்பத்திரி.

இயற்பியல்_வாத்தியார்
எல்லோரும் கீழேயே பார்க்கிறீர்கள். ஐப்பசி மழையில் முதல் பயம் இடிதான். கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு வந்து நாள்கணக்கில் ஊற்றும்போதுகூட இவ்வளவு இடி இருக்காது. ஐப்பசியில் காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கட்டும், சாயங்காலம் வெட்டி இடித்துக் கொட்டும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விடிகிற நேரத்துக்குக் கிளம்புங்கள். மதியம் ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு. அதோடு அன்றைய நடை முடிந்தது. சாயங்காலம் இன்னும் ஆறு கிலோமீட்டர் போயிருக்கலாமே என்ற ஆசையே வேண்டாம்.

மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து எண்ணுங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, நடையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மழை நின்றது என்பதற்காகக் கிளம்பக் கூடாது.

வாய்க்கால் கரையில் சிக்கல் என்னவென்றால், வயல்வெளியில் உயரமாக நிற்பது கரை, அதன் மேல் நீங்கள், பக்கத்தில் தென்னை, பனை. மரத்தடிக்கு ஓடினால் அதைவிட ஆபத்து வேறு இல்லை. காங்கிரீட் போட்ட வீடு, நின்றுகொண்டிருக்கும் பஸ், கார் எல்லாம் சரி. தகரக் கொட்டகை, மோட்டார் ரூம் வேண்டாம். மோட்டார் ரூமுக்கு வருகிற கம்பி வழியாகவே இறங்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் கரையை விட்டு இறங்கி, தண்ணீர் தேங்காத தாழ்வான இடத்தில் இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். படுக்கக் கூடாது. கூட்டமாக ஒட்டி நிற்கவும் கூடாது, ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள். தாமினி என்ற செயலி பக்கத்தில் மின்னல் விழுகிற வாய்ப்பை முன்கூட்டிக் காட்டும், போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று அடித்து ஓய்ந்த பிறகு இன்னொரு கவனம்: அறுந்து கிடக்கும் மின்கம்பி. நம்ம ஊரில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார், தோட்டத்துக்குத் தோட்டம் கம்பி. தண்ணீருக்குள் கிடந்தால் தெரியாது. கண்டால் வந்த வழியே விலகி, மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்கு 94987 94987-ல் சொல்லுங்கள்.

கரைநடை
வானிலை எச்சரிக்கையில் எந்த நிறத்துக்கு எதைச் செய்வது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். மஞ்சள் என்றால் போவது, ஆரஞ்சு என்றால் நிற்பது. சரியா?

இயற்பியல்_வாத்தியார்
முழு மாவட்டத்துக்கும் ஒரே நிறம் கொடுக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றால் அது தாளவாடிக்கும் அந்தியூருக்குமானதாக இருக்கலாம், கொடுமுடியில் தூறலோடு போய்விடலாம். மறுபக்கமும் உண்டு. 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டர் தாண்டினால் கனமழை, 11.56 தாண்டினால் மிக கனமழை, 20.45-க்கு மேல் அதி கனமழை. இவை நாள் முழுக்கச் சேர்த்த கணக்கு. ஆறு சென்டிமீட்டர் ஒரே மணி நேரத்தில் கொட்டினால் கணக்கில் அது கனமழைகூட இல்லை, ஆனால் பள்ளம் பொங்கிவிடும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் கிளம்ப வேண்டாம் என்பது சரி. மஞ்சள் என்றால் தைரியமாகப் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், காலையில் அன்றன்றைக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாதை_பழகியவள்
திசையை மாற்றினால் என்ன? பவானியிலிருந்து கொடுமுடி தென்கிழக்கு. இந்தக் காலத்தில் காற்று கிழக்கும் வடகிழக்குமாக அடிக்கும். நீங்கள் சொல்கிறபடி போனால் சாரல் முகத்திலும் இடது கன்னத்திலும் அடித்துக்கொண்டே இருக்கும். கொடுமுடியில் ஆரம்பித்துப் பவானிக்கு வந்தால் காற்று பெரும்பாலும் முதுகிலும் வலது தோளிலும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மஞ்சமண்டி
தண்ணீர் போகிற திசையில் போகாமல் எதிர்த்துப் போவதாவது. காலிங்கராயன் வெட்டினது மேலிருந்து கீழே.

லஸ்கர்_ஓய்வு
நாங்கள் இரண்டு திசையிலும்தான் நடந்தோம். வாய்க்காலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கீழிருந்து மேலே வருவதில் ஒரு வசதி, கிராமத்துப் பகுதி முதலில் வந்துவிடும். டவுன் பகுதிக்கு வருவதற்குள் உங்கள் கால் எப்படி இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் வெண்டிபாளையத்தோடு முடித்துக்கொண்டு, அணைக்கட்டுக்கு பஸ்ஸில் போய் காலிங்கராயன் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொல்லிமலை_கிறுக்கன்
நடுவில் பஸ் ஏறினால் அது முழு நடை ஆகுமா?

மொடக்குறிச்சி_அம்மிணி
ஆகாதுங்க சாமி. நீங்கள் சாக்கடைத் தண்ணீரிலும் விடாமல் நடந்து பட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்கூடக் கிடையாது, நாங்கள் ஏறிக்கொள்கிறோம்.

கரைநடை
எல்லாவற்றையும் படித்தேன். இப்போதைக்கு முடிவு இது: ஆவுடையார்பாறையில் ஆரம்பம், லஸ்கர் ஐயா சொன்ன காவிரிப் பக்கத்து இடது கரை (எதிர்த்து நடப்பதால் நமக்கு வலது கைப்பக்கம்), பவானியை நோக்கி. காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு கிளம்புவது, மதியம் ஒன்றுக்கு நிறுத்துவது. முதல் ராத்திரி கொடுமுடியில் ரூம் எடுத்துத் தங்கி விடியற்காலை கிளம்பலாம். அதற்கப்புறம் பாசூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசியிருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துத் தருகிறேன் என்றார்கள். ஆரஞ்சு வந்தால் கிளம்புவதில்லை. ஈரோடு டவுனுக்குள் அன்றைய நிலையைப் பார்த்து நடையா பஸ்ஸா என்று முடிவு. குடைச்சாமி வந்தால் குடையோடு வரட்டும், ஆனால் இடி கேட்டால் மடக்கிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, ஊருக்கு ஊர் பேக்கரி இருக்கிறது. டீயும் தேங்காய் பன்னும் கிடைக்கும். கையிருப்புக்குக் கடலை மிட்டாயும் வறுத்த நிலக்கடலையும் எடுத்துக்கொள்கிறேன். போனில் தண்ணீர் பட்டால் விரல் வைத்தால் வேலை செய்யாது, அதனால் ஊர், ஸ்டேஷன், ஆட்களின் நம்பர் எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் எழுதி, பாலித்தீன் உறையில் போட்டு ஆளுக்கொன்று தருகிறேன்.

மஞ்சமண்டி
நான் வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்கிறேன். இருந்தாலும் ஈரோட்டுக்கு வருகிற அன்றைக்கு போன் செய்யுங்கள். கருங்கல்பாளையத்தில் வண்டியோடு நிற்கிறேன், ஈரத்துணியைக் காயப்போட எங்கள் குடோனில் இடம் இருக்கிறது.

மொடக்குறிச்சி_அம்மிணி
பாசூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்துகொள்கிறோம். அன்றைக்குக் காலைச் சாப்பாடு எங்கள் பொறுப்பு: சந்தகையும் தேங்காய்ப் பாலும். எத்தனை பேர் என்பதை முந்தின நாள் காலையிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள், அரிசி ஊறப்போட்டு ஆட்ட வேண்டும். மழை வரும் வராது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி நேரத்தில் ஆள் கணக்கை மாற்றினால் நான் பொல்லாதவள்.